பரம்பரை என்று சொல்லி வாளாவிருக்கலாமா?



அன்பார்ந்த பெற்றோர்களே! இளைஞர்களே! யுவதிகளே!

எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும், தலைமன்னாரிலும் உப்புக்குளத்திலும், முசலிப் பிரதேசத்துக் கரையோரக் கிராமங்களிலும் வாழும் உங்களில் பலர் ஒரு வார்த்தையைக் கேட்டிருப்பீர்கள். சிலர் சொல்லியும் இருப்பீர்கள். "மூத்தாப்பாவுக்கும் சீனி வருத்தம், வாப்பாவுக்கும் சீனி வருத்தம். எனக்கும் வரத்தான் போகிறது. அது எங்கள் பரம்பரை" என்பதே அந்த வார்த்தை. இதைச் சொல்லிவிட்டு, மூன்று கரண்டி சீனி போட்ட தேநீரை நிம்மதியாக அருந்துகிறோம். பரம்பரை என்பது மாற்றவே முடியாத தீர்ப்பு என்ற எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் சரிதானா என்பதையே இன்றைய உரையில் சிந்திக்க இருக்கின்றோம்.

முதலில் நமது நாட்டின் நிலையைப் பார்ப்போம். 2005, 2006ஆம் ஆண்டுகளில், வடக்கு கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட ஆய்வில், 20 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடு தழுவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வோ, வயது வந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. இரண்டு ஆய்வுகளின் பரிசோதனை முறைகளும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும் ஏற்றம் பெரியது என்பதில் ஐயமில்லை. நேயர்களே, பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு சமுதாயத்தின் பரம்பரை மாறிவிடுமா? மாறாது. மாறியது நமது தட்டும், நமது கோப்பையும், நமது நடையுமே ஆகும்.

அப்படியானால் பரம்பரைக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு என்ன? பாடசாலைப் புத்தகங்களில் பரம்பரையலகு என்றும் மரபணு என்றும் குறிப்பிடப்படுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். நமது உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு கலத்தினுள்ளும் டீ.என்.ஏ. எனப்படும் நீண்ட இழை இருக்கின்றது. அதில் எழுதப்பட்டவையே மரபணுக்கள். கண்ணின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் ஒரே எழுத்துத்தான் இருக்கின்றது. ஆனால் கண் கண்ணாகவும் ஈரல் ஈரலாகவும் இருக்கக் காரணம், எந்தப் பகுதி வாசிக்கப்படுகின்றது, எந்தப் பகுதி மூடிவைக்கப்படுகின்றது என்பதுதான். இவ்வாறு ஒரு மரபணு வாசிக்கப்பட்டுச் செயலுக்கு வருவதையே மரபணு வெளிப்பாடு என்கின்றனர்.

ஓதற்பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளுக்கு ஓர் உவமை எளிதாக விளங்கும். முஸ்ஹபில் எழுத்துக்களுக்கு மேலே சிறிய குறியீடுகள் இருக்கின்றன. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தொடர வேண்டும் என்பதை அவை ஓதுபவருக்கு உணர்த்துகின்றன. எழுத்து மாறுவதில்லை, குறியீடு வாசிப்பை வழிநடத்துகின்றது. மரபணுவின் மேலும் இத்தகைய சிறு இரசாயனக் குறிகள் இருக்கின்றன. அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது மெதைல் எனப்படும் குறியாகும். பொதுவாக இக்குறி நெருக்கமாகப் படிந்த மரபணு அடங்கி நிற்கும். குறி நீங்கிய மரபணு செயற்படும். இந்தக் குறிகளை ஆக்குவதற்குத் தேவையான மூலப்பொருட்கள் எங்கிருந்து வருகின்றன? நாம் உண்ணும் கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் மீனிலிருந்தும் முட்டையிலிருந்தும்தான். ஃபோலேற்று, விற்றமின் பீ12, கோலின் ஆகிய சத்துக்களே அவற்றுள் முக்கியமானவை.

இதற்குப் படைப்பினத்தில் வியப்பான ஓர் அத்தாட்சி தேனீ. திருக்குர்ஆனின் ஓர் அத்தியாயமே தேனீயின் பெயரைத் தாங்கி நிற்பதை நாம் அறிவோம். தேன்கூட்டின் இராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்தே பிறக்கின்றன. ஒரு புழுவுக்கு வளர்ச்சிக் காலம் முழுவதும் தனிப்பட்ட பால்போன்ற உணவு ஊட்டப்பட்டால் அது இராணியாகின்றது. சில நாட்களின் பின் மகரந்தமும் தேனும் கலந்த உணவுக்கு மாற்றப்பட்ட புழு வேலைக்காரத் தேனீயாகின்றது. ஒன்று ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து முட்டையிடுகின்றது. மற்றது பெரும்பாலும் சில வாரங்களில் மடிகின்றது. 2008ஆம் ஆண்டு விஞ்ஞானிகள், மெதைல் குறியைப் பதிக்கும் ஒரு நொதியைப் புழுக்களில் அடக்கிப் பார்த்தனர். இராணிக்குரிய முழு ஊட்டம் இன்றியே அவற்றுள் பெரும்பாலானவை இராணியின் தன்மையுடன் வளர்ந்தன. உணவு மரபணுவின் வாசிப்பை மாற்றுகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

மனிதரில் என்ன நடக்கின்றது? இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944இன் பிற்பகுதியிலிருந்து 1945இன் இளவேனில் வரை, நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் பஞ்சம் நிலவியது. ஒருவருக்குரிய நாளாந்தப் பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. அக்காலத்தில் கருவில் இருந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, நடுத்தர வயதில் அவர்களது உடல் குளுக்கோசைக் கையாளும் திறன் குறைந்திருப்பது 1998இல் தெரியவந்தது. 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு, பஞ்ச காலத்தில் கருத்தரிக்கப்பட்டோரை அவர்களது சொந்தச் சகோதர சகோதரிகளோடு ஒப்பிட்டது. வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மேல் இருக்க வேண்டிய மெதைல் குறி, அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் அவர்களில் குறைந்தே காணப்பட்டது. கருவின் தொடக்க வாரங்களில் தாய் பட்ட பசி, பிள்ளையின் முதுமை வரை ஒரு தடத்தை விட்டுச் சென்றிருந்தது.

இந்தச் செய்தி நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவு மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டியை அடைந்தனர். கடலோடு வாழ்ந்த குடும்பங்கள் புத்தளம் மாவட்டத்து முகாம்களில், கிடுகுக் குடிசைகளில், நிவாரண அட்டையை நம்பி வாழ நேர்ந்தது. அரிசியும் கோதுமை மாவும் பருப்பும் சீனியும் பசியை அடக்கின. ஆனால் அன்றாடம் கரையில் வாங்கிய மீன், முற்றத்தில் ஒடித்த முருங்கைக்கீரை, வீட்டுக் கோழியிட்ட முட்டை ஆகியவை கைக்கெட்டாமற் போயின. அந்த முகாம்களில் பிறந்த பிள்ளைகள் இன்று முப்பது வயதைத் தாண்டிய தாய்மாராகவும் தந்தைமாராகவும் இருக்கின்றனர். போர் முடிந்த 2009இன் பின் பலர் மீண்டு வந்தனர். இன்னும் பலர் புத்தளத்திலும் மன்னாரிலுமாக இரு காலில் வாழ்கின்றனர். அதன்பின் 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைக் கடந்தது. பால்மாவையும் முட்டையையும் குறைத்துக்கொண்ட வீடுகளில் அன்று கருவிலிருந்த குழந்தைகள் இப்போது நம் மடியில் வளர்கின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். இதைக் கேட்கும் எந்தத் தாயும் "என் பிள்ளைக்கு நான் குறை செய்துவிட்டேன்" என்று கலங்க வேண்டாம். பசியைத் தேர்ந்தெடுத்தது நீங்கள் அல்ல. எந்த மாமியும் எந்தக் கணவரும் இந்த அறிவைத் தாயின் மேல் வீசும் கல்லாக எடுக்க வேண்டாம். கருவில் விழுந்த தடம் நோய்க்கான சாய்வே தவிர, நோயே அன்று. சாய்ந்த மரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம். எலிகளில் இது கண்கூடாகக் காட்டப்பட்டது. 2003இல் அமெரிக்காவில், பருமனுக்கும் மஞ்சள் நிற மயிருக்கும் காரணமான மரபணுவைக் கொண்ட எலிகளின் தாய்மாருக்கு, ஃபோலிக் அமிலமும் பீ12உம் கோலினும் சேர்த்த உணவு கொடுக்கப்பட்டது. அவை ஈன்ற குட்டிகளுள் மரபணு அடங்கிய பழுப்பு நிறக் குட்டிகளே மிகுந்தன. மனிதர் எலிகள் அல்லர். பஞ்சத்தின் தடம் பேரப்பிள்ளைகள் வரை தொடர்கின்றது என்று அடித்துச் சொல்வதற்கு மனிதரில் போதிய சான்றும் இல்லை. ஆயினும் திசை தெளிவாகின்றது.

நமது அண்டை நாடான இந்தியாவில், புனே நகரை அடுத்த ஆறு கிராமங்களில் 1993ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு நம்மைப் போன்ற தெற்காசியருக்கு மிகவும் பயனுடையது. வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அதை வழிநடத்தினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராம். ஒப்பிடப்பட்ட ஆங்கிலேயக் குழந்தைகளின் எடையோ 3.5 கிலோகிராம். ஆனால் அந்த மெலிந்த இந்தியக் குழந்தைகளின் தசை குறைந்திருந்த அளவுக்குத் தோலுக்கடியில் கொழுப்புக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு மறைந்திருந்தது. அத்தாய்மாரில் பெரும்பாலானோருக்கு விற்றமின் பீ12 போதாமல் இருந்தது. ஃபோலேற்று மிகுந்தும் பீ12 குறைந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளே ஆறு வயதில் இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலைக்கு அதிகம் ஆளாகியிருந்தனர் என 2008இல் அறிவிக்கப்பட்டது. ஒரு சத்தை மட்டும் அள்ளிக் கொடுப்பதால் பயனில்லை, சத்துக்கள் சமநிலையாகச் சேர வேண்டும் என்பதே இதன் பாடம்.

பீ12 மரக்கறிகளில் இயல்பாகக் கிடைப்பதில்லை. மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றிலேயே உண்டு. அல்ஹம்துலில்லாஹ், மன்னார் மக்களாகிய உங்களுக்கு இருபுறமும் கடலை இறைவன் தந்திருக்கின்றான். சாளை, சூடை, நெத்தலி, கும்பளா போன்ற விலை குறைந்த மீன்களை நாம் ஏழையின் மீன் என்று எண்ணுகின்றோம். அவற்றில் பீ12 மட்டுமன்றி, ஒமேகா 3 எனும் நற்கொழுப்பும் நிறைந்திருக்கின்றது. இந்தக் கொழுப்பு ஈரலின் கலங்களுக்குள் சென்று, கொழுப்பை ஆக்கும் மரபணுக்களைத் தணிக்கின்றது. கொழுப்பை எரிக்கும் மரபணுக்களைத் தூண்டுகின்றது. வெள்ளைப் பாணையும் சீனித் தேநீரையும் மீண்டும் மீண்டும் உட்கொள்ளும்போது இதற்கு நேர்மாறானது நடக்கின்றது. இரத்தத்தில் சீனி உயர்கின்றது, இன்சுலின் பெருகுகின்றது, ஈரலில் கொழுப்பை ஆக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஈரலில் கொழுப்புப் படிந்துவிட்டது என்று வைத்தியர் கூறும் நிலை இப்படித்தான் உருவாகின்றது. பெரிய மீனை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் பணிஸும் சோடாவும் வாங்கிச் செல்லும் தந்தையே, நீங்கள் எதைக் கொடுத்து எதை வாங்குகின்றீர்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

கடலுக்கு அடுத்தது நிலம். கட்டுக்கரைக்குளத்து நீரில் விளையும் நெல்லைத் தவிடு போகாமல் குற்றிய சிவப்பரிசி, குரக்கன், சாமை, பனையின் ஒடியல் மா ஆகியவை நம் முன்னோர் உண்டவை. இவற்றில் உள்ள நார் நம் குடலில் சமிபாடடைவதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டு பியூற்றிரேற்று எனும் பொருளை ஆக்குகின்றன. டீ.என்.ஏ. சுற்றிவைக்கப்பட்டிருக்கும் புரதங்களில் அப்பொருள் செயற்பட்டு, சில மரபணுக்களைத் திறந்துவிடுகின்றது; குடலின் அழற்சியையும் தணிக்கின்றது. முருங்கைக்கீரையும் பயறும் கடலையும் பருப்பும் ஃபோலேற்றைத் தருகின்றன. கீரையை நெடுநேரம் அவித்து நீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சத்தும் நீரோடு போய்விடும் என்பதைச் சமைப்பவர் நினைவில் வைக்க வேண்டும். கருவாட்டில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளோர் அதை ஊறவைத்துக் கழுவி, அளவோடு உண்பதே நல்லது.

இனி, ஒவ்வொருவரும் செய்யக்கூடியவற்றைச் சொல்கின்றேன்.

மணமகளாகவிருக்கும் யுவதிகளே! முதுகெலும்புக் குறைபாடுகளிலிருந்து சிசுவைக் காப்பதற்காக, கருத்தரிக்கும் முன்பே தொடங்கி முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை நாளாந்தம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நிகாஹ் நாள் குறித்தவுடனேயே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கர்ப்ப காலத்தில் சீனிப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். 1973ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் வழங்கப்படும் திரிபோஷ கிடைக்கும்போது, அது தாய்க்கும் எடை குறைந்த குழந்தைக்கும் உரியது. வீட்டிலுள்ள எல்லோருக்குமான பலகாரம் அன்று. நோன்பு நோற்பதால் தமக்கோ சிசுவுக்கோ தீங்கு நேரும் என அஞ்சும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் சலுகை அளித்திருக்கின்றது. அந்தச் சலுகையைப் பயன்படுத்துபவரை யாரும் குறைவாகப் பார்க்கக் கூடாது.

தந்தையாகவிருக்கும் வாலிபர்களே! இது பெண்களின் பாடம் என்று விலகிவிடாதீர்கள். பருமனான ஆண்களின் விந்தணுவில் மரபணுக் குறிகள் வேறுபடுவதையும், எடை குறைந்த பின் அக்குறிகளிற் பல மாறுவதையும் 2016இல் வெளியான டென்மார்க் ஆய்வு காட்டியது. உங்கள் உடலும் பிள்ளைக்குக் கொடுக்கும் அமானிதமே. கால்பந்துத் திடலைக் கைவிட்டு, இரவில் கொத்துரொட்டியோடும் சோடாவோடும் கைத்தொலைபேசிக்கு முன் அமர்வதற்கு முன் இதை எண்ணுங்கள். 2016 முதல் இந்நாட்டில் இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக் குறியீடு இருக்கின்றது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உண்டு என்பது பொருள். ஹலால் முத்திரையைத் தேடும் நமது கண், அந்தச் சிவப்பு வட்டத்தையும் பார்க்கட்டும். ஹலால் என்னும் சொல்லோடு தய்யிப், அதாவது தூய்மையானதும் நலம் பயப்பதும், என்னும் சொல்லும் இணைத்தே நமக்குப் போதிக்கப்பட்டிருக்கின்றது.

வளர்ந்த பெற்றோர்களே! ஒரு நாளில் சேர்க்கும் சீனியை 25 கிராம், ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி, அளவுக்குக் குறைத்தால் மேலும் நன்மை உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. இரண்டு கரண்டி வீதம் மூன்று தேநீர் குடித்தால் அந்த அளவு அத்துடன் முடிந்துவிடும். இடுப்பை ஒரு நாடாவால் அளந்து பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. நோய் வந்துவிட்டோரும் நம்பிக்கை இழக்க வேண்டாம். பிரித்தானியாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், நீரிழிவு கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாதோர் வைத்தியக் கண்காணிப்பில் எடையைக் குறைத்தனர். அவர்களில் 46 வீதமானோர், ஓராண்டின் பின் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தனர். இதை வைத்துத் தாமாகவே மருந்தை நிறுத்துவது ஆபத்து. வைத்தியரின் துணையோடு செய்ய வேண்டிய முயற்சி இது. இன்சுலினோ சீனியைக் குறைக்கும் மாத்திரையோ பாவிப்போர், ரமழானுக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு ஆலோசனை பெறுவதும் அவசியம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! வலீமாவிலும் இஃப்தாரிலும் நாம் வைப்பதே ஊரின் வழக்கமாகின்றது. ஈத்தம்பழமும் நோன்புக் கஞ்சியும் தண்ணீரும் போதுமான இடத்தில், எண்ணெய்ப் பலகாரங்களும் நிறமூட்டிய பானங்களும் ஏன் குவிய வேண்டும்? ஸஹனில் ஒன்றாக அமர்ந்து உண்பது நமது அழகிய வழக்கம். அந்தப் புரியாணிக்கு அருகில் ஒரு தட்டுக் கீரையும் சலாதும் வைத்தால், விருந்தின் மதிப்பு குறைந்துவிடாது. வயிற்றை முழுதும் நிரப்பாமல் எழுவது நமக்குப் பழக்கப்படுத்தப்பட்ட ஒழுக்கம் அல்லவா?

அன்பர்களே! நாம் பெற்ற மரபணுவை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. 1990இன் இடப்பெயர்வையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் நாளைக் காலை நம் வீட்டு அடுப்பில் எது வேக வேண்டும் என்பது, பெரும்பாலும் நம் கையில் இருக்கின்றது. வசதி குறைந்த அயலவரின் வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தால், அவளுக்கு ஒரு கோவை மீனோ நாலு முட்டையோ கொடுத்தனுப்புவதும் நம் கையில் இருக்கின்றது. அது இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பயன்படும் ஸதகாவாக அமையலாம். ஆகவே "பரம்பரை" என்ற சொல்லைச் சாக்காகச் சொல்வதை விட்டுவிட்டு, அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்கு வீடும் வளவும் போலவே, நலமான உடலையும் முதுசமாக விட்டுச் செல்வோம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்கும் நமது சந்ததியினருக்கும் நல்ல உணவையும் நல்ல ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.